கும்மட்டத்தில் போட்ட உப்பு

நேற்றுக் காலையிலிருந்து நம் வாட்ஸாப் குரூப்பில் ஒரே கூத்து. கறம்பக்குடியில் கடை வைத்திருக்கும் நம் கூட்டாளி, போன வாரம் பஸ்ஸில் போகிற போக்கில் எடுத்த ஊர்க் கும்மட்டப் படத்தைப் போட்டாலும் போட்டார், ஆளுக்கொரு சரித்திரம் எழுதக் கிளம்பிவிட்டீர்கள். ஒருவர் அதை நவாபு காலத்துச் சமாதி என்கிறார். ஒருவர் வெள்ளைக்காரன் வெடிமருந்து வைத்திருந்த கிடங்கு என்கிறார். சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருப்பவரோ, அது ஆதியிலிருந்தே பள்ளிக்கூடம்தான், நான் அங்கேதானே படித்தேன் என்று அடித்துப் பேசுகிறார். படத்தில் வாசல் பக்கமாகக் குடையின் கீழே சேலை கட்டி நிற்கும் வெள்ளைக்காரக் கிழவியைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊருக்கு டூரிஸ்ட்டெல்லாம் வருதாப்பா?" என்று ஒரு கேள்வி வேறு.

போதும் சாமிகளா. விரல் வலிக்கிறதே என்றுதான் இவ்வளவு நேரம் பேசாமல் கிடந்தேன். உங்கள் கூச்சலுக்கு நடுவே ஒருவர் மட்டும் உருப்படியாக ஒன்று கேட்டிருந்தார். "திங்கக்கெழமை ஆனா வீட்டுலேர்ந்து ஆளுக்கொரு பிடி உப்புக் கொண்டாந்து கேணியில போடுவோமே, அது எதுக்கு?" அதற்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. நீங்கள் எல்லாரும் போட்டீர்கள். எதற்கென்று தெரிந்து போட்டது நான் ஒருத்திதான். அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்று. அது சமாதியுமில்லை, கிடங்குமில்லை. குளிக்கிற இடம். ராஜா காலத்தில் யாரோ ஒரு பெரிய வீட்டு அம்மாளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு கண்டு, நம் ஊர் ஊற்றில் குளித்து ஆறியதாம். அந்த அம்மாள் மறைவாகக் குளிக்க வேண்டுமென்று ஊற்றைச் சுற்றி வட்டமாகக் கேணி வெட்டி, அதன்மேல் கும்மட்டம் எழுப்பினார்களாம். எனக்குச் சொன்னவர்களுக்கும் யாரோ சொன்னதுதான் இது. ஆனால் நான் பார்க்கும்போது அது குளியல் கும்மட்டமாகத்தான் இருந்தது. அதற்கு நான் சாட்சி.

மறந்திருப்பீர்கள், நம் ஊருக்கு அப்போது 'மருந்துத் தண்ணி' என்றுதான் பெயர். பஸ் நின்றதும் கண்டக்டர், "மருந்துத் தண்ணியெல்லாம் எறங்கு, எறங்கு!" என்று கத்துவார். கீரமங்கலத்திலிருந்து பூக்கூடைக்காரப் பெண்கள் வருவார்கள். ஆவூரிலிருந்து செபமாலையோடு வருவார்கள். கடற்கரைப் பக்கத்திலிருந்து துப்பட்டி போட்ட பெண்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்குவார்கள். சொறி, சிரங்கு, படை, மரு, பாலுண்ணி, எல்லாவற்றுக்கும் அங்கே இடமுண்டு. காலையில் பெண்கள், சாயங்காலம் ஆண்கள். இன்ன சாதி, இன்ன மதம் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அரிப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே.

முறை இதுதான். வாசலில் முஸ்லிம் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். அவரிடம் உப்பும் மிளகும் கலந்த பொட்டலம் வாங்க வேண்டும். அதைத் தலையைச் சுற்றிக் கேணியில் போட வேண்டும். உப்புக் கரைகிற மாதிரி நோய் கரையும். பிறகு முங்கிக் குளித்து, ஏறும்போது ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க வேண்டும். ஆமாம், குளித்த தண்ணீரைத்தான். இப்போது என்றால் கிட்டே போக மாட்டோம். அப்போது அது அமிர்தம். அந்தத் தண்ணீரில் லேசாக ஒரு உவர்ப்பும், தொண்டையில் ஒரு சின்னக் காரமும் இருக்கும். "பாத்தீங்களா ருசிய! இதுதாங்க மருந்து" என்று ஊரே பெருமையடிக்கும். வேற்றூர்க்காரர்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள்.

அதிகம் பெருமையடித்தது என் அப்பாதான். கும்மட்டத்துக்கு எதிரே டீக்கடை எங்களுடையது. குளித்து ஏறியவர்களுக்குப் பசிக்குமல்லவா, அவித்த மரவள்ளிக்கிழங்கும் டீயும் ஓடும். மருந்துத் தண்ணி இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு இல்லை. ஆனால் அப்பா வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை, மனசார நம்பினார். எனக்குக் கை இடுக்கெல்லாம் சிரங்கு வந்து, அந்தக் கேணியில் குளித்தே ஆறியது. கந்தக மருந்தும் தடவினார்கள்தான். அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அப்பா என் கையைப் பிடித்து, வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் திருப்பித் திருப்பிக் காட்டுவார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் கை ஆறிய கோடையில்தான் அத்தைக்கு வேலை ஆர்டர் வந்தது. அத்தை அப்பாவின் கடைசித் தங்கச்சி. டீச்சர் டிரெயினிங் முடித்தவள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே மூன்றாம் வகுப்பு டீச்சர் வேலை. வீட்டில் பாயசம் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ஏனென்றால் டிரெயினிங் படிக்கும்போது அத்தையின் முழங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அது கைக்கு இறங்கி, விரல் நுனிக்குப் போய், உதட்டோரத்திலும் கண்ணோரத்திலும் பூத்துவிட்டது. வலி கிடையாது, அரிப்பு கிடையாது, யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது. ஆனால் ஒட்டாது என்று சொல்ல அன்றைக்கு ஊரில் ஆளில்லை.

அப்பாவே போய்ப் பெரிய வாத்தியாரைப் பார்த்து, பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் சேர்ந்துகொள்வாள் என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தையிடம், "இந்தா ஆத்தா, லீவு முடியிற வரைக்கும் தெனம் முங்கு. புள்ளைக்கே ஆறிருச்சு, ஒனக்கு ஆறாதா? சுத்தமான கையோட போயி சாக்பீஸைப் புடி" என்றார்.

"ஆறலைன்னா?"

"ஆறலைன்னா அப்பறம் என்னத்துக்கு ஊரு முன்னாடி போயி நின்னு பேச்சு வாங்கணும்? நான் இல்லையா, ஒனக்குச் சோறு போட மாட்டேனா?"

அப்பாவுக்கு அத்தை என்றால் உயிர். அவளை ஒளித்து வைத்தால் காப்பாற்றியதாக ஆகும் என்று நினைத்தார். இது தப்பு என்று இன்று என்னால் சுலபமாகச் சொல்ல முடிகிறது. அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

அந்தச் சித்திரை வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டு, முந்தானையை வாய்வரை இழுத்து மூடி, விடிந்தும் விடியாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். கும்மட்டத்துக்குள் நுழைந்ததும் முந்தானையை அவிழ்ப்பாள். உள்ளே எப்போதும் குளிர்ச்சி. உச்சியில் ஒரு வட்ட ஓட்டை உண்டே, அது வழியாக வெளிச்சம் ஒரு தூண் மாதிரி இறங்கும். சின்னதாகத் தும்மினால்கூட சுற்றிச் சுற்றிக் கேட்கும். அத்தை படியில் உட்கார்ந்து வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிப் பார்ப்பாள். "ரெண்டாம் வாய்ப்பாடு எப்புடிக் கேக்குது பாத்தியா? இங்க கிளாஸ் நடத்துனா தொண்டையே வலிக்காதுடி" என்பாள். வேலைக்குப் போகத்தான் அவளுக்கு அத்தனை ஆசை. குளித்து ஏறியதும் வெளிச்சத்தில் கையை நீட்டி, புள்ளி சின்னதாகியிருக்கிறதா என்று என்னைக் கேட்பாள். நான் ஆமாம் என்பேன். ஆகவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

வைகாசியில் பஞ்சாயத்துத் தலைவர் கேணியைத் தூர் வார முடிவு பண்ணினார். பாசி பிடித்து வழுக்கி, ஒரு அம்மாள் விழுந்துவிட்டதுதான் காரணம். ஆயில் எஞ்சின் வைத்து இறைத்து, சேற்றை எல்லாம் அள்ளி வெளியே கொட்டி, சுண்ணாம்பு அடித்தார்கள். ஊற்றுத் தண்ணீர் மெல்ல மெல்ல ஊறிக் கேணி நிறைந்தது. கண்ணாடி போல என்று சொல்வார்களே, அப்படியே தரை தெரிந்தது. தலைவர் மாலை போட்டுக்கொண்டு இறங்கி, முதல் கைத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். முகம் மாறிப்போனது.

"என்னப்பா இது, சப்புன்னு இருக்கு? எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணியாட்டம்ல இருக்கு!"

பொட்டலக்கடை பாய் ஒரு கை குடித்தார். அப்பா ஒரு கை குடித்தார். உவர்ப்பும் இல்லை, காரமும் இல்லை, வெறும் தண்ணீர். ஊரே அலமலந்து போனது.

"ஊத்துக்கண்ணுல கடப்பாறை பட்ருக்கும்ங்க. மருந்து அங்கிட்டுத் திரும்பிருச்சு" என்றார் பாய்.

தூர் வாரியவர்கள் நடுங்கிப்போய், "நாங்க சேத்தத்தான் அள்ளுனோம்ங்க. மருந்தையெல்லாம் தொடவே இல்லீங்க" என்றார்கள்.

அப்பா அன்றைக்கு டீயே ஆற்றவில்லை. திண்டாடிப் போனார் மனிதர். கடையும் போச்சு, தங்கச்சியின் கையும் போச்சு என்று பெஞ்சில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஊர் கூடி, போன மருந்தைத் திரும்ப அழைப்பது என்று முடிவானது. ஐயர் வந்து பூசை போட்டார். பாய் பள்ளிவாசலிலிருந்து பெரியவரைக் கூட்டி வந்து ஓத வைத்தார். ஆவூர் அம்மாக்கள் மெழுகுவத்தி ஏற்றினார்கள். எல்லாம் முடிந்ததும் எல்லாரும் அவரவர் பங்குக்கு உப்பு மிளகைக் கொட்டினார்கள். வழக்கமாக ஒரு பொட்டலம் போடுகிறவர்கள், பயத்தில் மடி நிறையக் கொண்டுவந்து போட்டார்கள். தலைவர் தன் கௌரவத்துக்கு ஒரு மூட்டை உப்பையே அவிழ்த்துக் கவிழ்த்தார். இரண்டொரு நாளில் யாரோ ஒரு அம்மாள் குடித்துப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்து, "திரும்பிருச்சு! மருந்து திரும்பிருச்சு!" என்று கத்தினாள். வெடி போட்டார்கள். அப்பா எல்லாருக்கும் சும்மா டீ கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அங்கேதான் நின்றார்கள்.

வெடிச் சத்தத்தில் சேராமல் நின்றவள் அத்தை ஒருத்தி. மறுநாள் காலை வழக்கம்போலக் கூட்டிப் போனாள். கையில் செம்பு. படியில் உட்கார்ந்து, செம்புத் தண்ணீரில் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை போட்டு, விரலால் கலக்கி என்னிடம் நீட்டினாள்.

"குடிச்சுப் பாரு. என்ன தண்ணி?"

"கேணித் தண்ணி. மருந்து ருசி அடிக்குதே."

"நம்ம வீட்டுக் கெணத்துலேர்ந்து மொண்டாந்தேன்டி இதை."

எனக்கு உடனே புரியவில்லை. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு சிரிப்பு கும்மட்டம் முழுக்கச் சுற்றி பத்து சிரிப்பாக வந்தது. புறாக்கள் எல்லாம் ஓட்டை வழியாகப் பறந்து போயின. "இம்புட்டு நாளா நான் போட்ட உப்ப நானே குடிச்சிருக்கேன்டி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள். அதையும் கும்மட்டம் விடவில்லை. எனக்குப் பயமாகப் போய், அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"அப்ப ஒனக்கு எப்ப அத்தை சரியாகும்?"

"ஆகாது போல."

கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆகாட்டி என்ன, சாக்பீஸு வழுக்கவா போகுது?" என்று முகத்தைக் கழுவினாள்.

ஊரில் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "எதுக்கு? சொறி செரங்கோட வர்றவங்க தெனம் தேச்சுக் குளிக்கிறாங்க, ஆறிப்போயிருது. ஒங்கப்பனுக்கு ஏவாரம் ஆகுது. யாருக்கு என்ன நட்டம்? எனக்குத்தான் இனிமே வேணாம். நீ வாயத் தொறந்த, தோல உரிச்சிருவேன்" என்றாள். நான் திறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து உங்களிடம்தான் திறக்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அத்தை அரைக்கை ரவிக்கை போட்டு, தலையில் பூ வைத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். எதிரே கடையில் அப்பா டீ ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது. "ஏத்தா..." என்றார். "போயிட்டு வாரேண்ணே" என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். அப்பா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, பால் வாங்கப் போகிறவர் மாதிரி தெருவின் அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூடவே நடந்தார்.

அப்புறம்தான் உங்கள் திருவிளையாடல். ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் மாமா வீட்டுக்குப் போய்விட்டார். "டீச்சர் கைபட்ட நோட்ட வாங்குனா புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா என்ன பண்றது?" என்று உங்கள் அம்மாக்கள் குழாயடியில் பேசியது எனக்குக் கேட்டது. மூன்றாம் வகுப்பில் நானும், பாயின் மகளும், இன்னும் விரல்விட்டு எண்ணுகிற ஆட்களும்தான். அத்தை வகுப்பு நிறைந்திருப்பது மாதிரியே சத்தமாகப் பாடம் நடத்தினாள். பெரிய வாத்தியார் நல்லவர்தான், ஆனால் பயந்தவர். "பாரும்மா, மேலேர்ந்து ஆபீசர் வருவாரு. புள்ளைங்க இல்லாத கிளாசுக்கு டீச்சர் எதுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்ல? தீபாவளிக்குள்ள கிளாஸ் நெறையலைன்னா எனக்கு வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டார். அன்றிரவு அத்தை சாப்பிடவில்லை. வேலை கையைவிட்டுப் போனால், மறுபடி முழுக்கை ரவிக்கையும் வீட்டு மூலையும்தான். எங்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

ஐப்பசி மழையில் நம் பள்ளிக்கூடக் கீற்றுக் கொட்டகை ஒருபக்கமாகச் சாய்ந்தது ஞாபகமிருக்கிறதா? மற்ற வகுப்புகளை ஓட்டுக் கட்டிடத்தில் நெருக்கி உட்கார வைத்தார்கள். மூன்றாம் வகுப்புக்கு இடமில்லை. பெரிய வாத்தியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அத்தை சொன்னாள். "சார், கும்மட்டத்துல கேணியச் சுத்தி எடம் கெடக்கு. மூங்கில் தடுப்பு கட்டிக்கிட்டா போதும். பகல்ல நான் கிளாஸ் நடத்துறேன். குளிக்கிறவங்க காலையிலயும் சாயங்காலமும் குளிச்சுக்கட்டும்."

அதோடு நிற்கவில்லை. குழாயடிக்குப் போய், குடத்தை வைத்தபடியே, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள். "மருந்துத் தண்ணிக்குப் பக்கத்துலதான் இனிமே கிளாஸ். தெனம் ஒரு கை குடிச்சிட்டுத்தான் புள்ளைங்க உக்காரும். அப்பறம் எந்த வியாதி யாருக்கு ஒட்டும்?"

மறுநாள் வந்தீர்களே எல்லாரும்! வயிற்றுவலி, காய்ச்சல், மாமா வீடு எல்லாம் ஒரே ராத்திரியில் தீர்ந்துபோனது. உங்கள் அம்மாக்கள் வாசல்வரை வந்து, ஒரு கை அள்ளிக் குடித்து, ருசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உங்களை உள்ளே விட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் ஆபீசர் வந்தபோது வட்டத்தில் உட்கார இடமில்லை. நாம் போட்ட வாய்ப்பாட்டுச் சத்தத்தில் அவர் காதைப் பொத்திக்கொண்டார். "டீச்சர் யாரு?" என்றார். அத்தை கையைத் தூக்கினாள். அந்த வெள்ளை விரல்களை அவர் ஒரு நிமிஷம் பார்த்தார், நிறைந்த வகுப்பைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் மழைத்தண்ணீர் உச்சி ஓட்டை வழியாக இறங்கி, கேணி ரொம்பி வழிந்தது. குளிக்க வருகிற கூட்டமும் மழையில் குறைந்தது. ஒருநாள் உங்களில் ஒருவரின் அம்மா குடித்துப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ருசி கொறையுதே?" என்று இழுத்தார். அத்தைக்குத் திக்கென்றது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஒரு புதுச் சட்டம் வந்தது. "படிப்பு நல்லா வரணும்னா வாரம் ஒரு பிடி உப்புக் கொண்டாந்து கேணியில போட்டுட்டு உக்காரணும்." அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொருவரும் முழங்கால் போட்டு, கண்ணை மூடி, ஏதோ வேண்டிக்கொண்டு போட்டீர்கள். உங்களுக்கு எந்தப் படிப்பு வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு பிடி உப்பில்தான் ஒரு பெண்ணுக்கு வேலை நிலைத்தது. அவளைக் கண்டு ஓடின நீங்களே அவளைக் காப்பாற்றினீர்கள், உங்களுக்குத் தெரியாமலேயே. எப்போது நினைத்தாலும் எனக்கு உங்கள் மேல் பிரியம்தான் வருகிறது.

அந்த வருஷம் முடிவதற்குள் அவள் கையை யாரும் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது. அவள் கையால் கொட்டு வாங்காதவர் நம்மில் யார்? ஒட்டியிருந்தால் நம் எல்லார் மண்டையும் வெளுத்திருக்கும். உங்கள் அம்மாக்கள் முறுக்கும் பலாச்சுளையும் கொடுத்துவிட ஆரம்பித்தார்கள். அப்பா மட்டும் சாகும்வரை மருந்துத் தண்ணியை நம்பினார். "பாத்தியா, புள்ளி போகாட்டியும் புத்தியக் குடுத்துச்சுல்ல" என்பார். அத்தை ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

பிறகு நாம் கலைந்தோம். ஆஸ்பத்திரி வந்தது, களிம்பு வந்தது, குளிக்க ஆளில்லை. கேணியை மண் போட்டு மூடினார்கள். கும்மட்டம் ரேஷன் கடையாக இருந்தது, நெல் மூட்டை அடுக்கினார்கள், தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுச்சாவடி. இப்போது உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? குடிதண்ணீர் மெஷின். ஊரில் போர்வெல் எல்லாம் ஆழத்துக்குப் போய் உப்பாகிவிட்டதாம். போன வாரம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். குடம் பிடித்துக் கொடுக்கிற பெண், "நம்ம ஊருத் தண்ணியில உப்பு சாஸ்திங்க. இந்த மெஷினு அதை எடுத்துரும்" என்று எங்களுக்கு விளக்கினாள்.

கூட வந்தவருக்கு வந்ததே சிரிப்பு! "எடு தாயி, எடு. புள்ளைங்க பாவம், எனக்காகப் போட்ட உப்பு. இன்னுமா கெடக்கு?" என்று கும்மட்டம் அதிரச் சிரித்தார். அதே பத்துச் சிரிப்பு. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல், "ஆச்சி என்ன கலரு! நீங்க எந்த நாடு?" என்று கேட்டாள்.

புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, முகம், கை, கால் எல்லாம் முழுக்க வெளுத்து ரொம்ப நாளாகிறது. வெயில் ஆகாது என்பதால் வெளியே வந்தால் நான்தான் குடை பிடிப்பேன். அன்றைக்கு நாங்கள் வாசலில் நின்றபோதுதான் கறம்பக்குடி பஸ் போனது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குடை பிடித்திருப்பது நான். நீங்கள் டூரிஸ்ட் என்று நினைத்தது நம் மூணாங்கிளாஸ் டீச்சரை. இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், அதே அரைக்கை ரவிக்கைதான். ஒவ்வொருவராக வணக்கம் சொல்லுங்கள். முதலில் வயிற்றுவலிக்காரர்.